கனவு ஒரு காரணமாகுமா? ஹான் காங்கின் ‘மரக்கறி’யை வாசகர் வட்டத்தில் பேசும் முறை

கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் நடத்தும் சிறிய வாசகர் வட்டம், இறைச்சி உண்பதை நிறுத்திவிடும் ஒரு கொரியப் பெண்ணின் கதையான ஹான் காங்கின் ‘மரக்கறி’ நாவலை முதன்முறையாக எடுத்துக்கொண்ட மாலையில், பேச்சு இருபது நிமிடங்களுக்குள் கொலஸ்ட்ரோலில் போய் நின்றது. “இதில என்ன பிரச்சினை? எங்கட அம்மா நாப்பது வயதுக்குப் பிறகு மச்சம் தொட்டதேயில்லை” என்று ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தொடங்கினார், மற்றவர்களும் தத்தமது வீடுகளில் மச்சம், அதாவது மீனும் இறைச்சியும், விட்டவர்களைப் பற்றிச் சொல்ல, பருப்பிலும் கௌபியிலும் உள்ள புரதம் வரை பேசிவிட்டு எழுந்தோம். நாவலில் ஒரு பெண்ணின் வாழ்க்கை முழுவதுமாகச் சிதைந்து போகிறது என்பதை அன்று ஒருவரும் தொடவில்லை. தவறு என்னுடையது. ‘நாவல் எப்படி இருந்தது?’ என்ற பொதுக் கேள்வியோடு தொடங்கியிருந்தேன். அப்படிக் கேட்டால் வாசகர் தமக்குப் பழகிய விடையைத்தான் தருவார். அதன் பின்னர் வேறு இரண்டு குழுக்களோடு இதே நாவலைப் பேசியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் தேறியவற்றை, இந்நூலைத் தமது நண்பர்களோடு பேச விரும்பும் ஒருவருக்குப் பயன்படும் வகையில் இங்கே எழுதுகிறேன்.

நூலைப் பற்றிய அடிப்படைத் தகவல்களைக் கூட்டத்தில் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். அழைப்பிலேயே நான்கு வரியில் எழுதி அனுப்பிவிடலாம். ஹான் காங் 1970இல் தென்கொரியாவின் குவாங்ஜு நகரில் பிறந்தவர். தனித்தனியே வெளிவந்த மூன்று குறுநாவல்கள் 2007இல் ஒரே நூலாகின. டெபோரா ஸ்மித்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2015இல் வந்து, அடுத்த ஆண்டு சர்வதேச மான் புக்கர் பரிசைப் பெற்றது. 2024இல் ஹான் காங்குக்கு இலக்கியத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. தமிழில் இந்நாவல் சமயவேலின் மொழிபெயர்ப்பில் வந்திருக்கிறது.

கதை சுருக்கமானது. யோங்ஹே என்ற இளம் மனைவி ஒருநாள் விடியுமுன் குளிர்சாதனப் பெட்டியிலிருந்த இறைச்சி, மீன் அனைத்தையும் எடுத்துக் குப்பைப் பைகளில் போடுகிறாள். ஏன் என்று கேட்கும் கணவனுக்கு அவள் தரும் ஒரே விடை, கனவு கண்டேன் என்பதுதான். முதற் பகுதியைக் கணவன் சொல்கிறான். இரண்டாம் பகுதி அக்காவின் கணவனான ஒரு காணொளிக் கலைஞனைப் பின்தொடர்கிறது. மூன்றாம் பகுதி அக்கா இன்ஹேயின் பார்வையில் நகர்கிறது. யோங்ஹேக்கென்று ஒரு பகுதி இல்லை. கணவனின் கதைக்கு இடையிடையே வரும் சிறு கனவுத் துண்டுகளில்தான் அவளுடைய குரல் நேராகக் கேட்கிறது. அக்கனவுகளில் இரத்தம் வருகிறது, தொங்கும் இறைச்சி வருகிறது, அறிந்ததும் அறியாததுமான ஒரு முகம் வருகிறது.

கொழும்புத் தமிழ் வாசகருக்கு இந்நாவல் வழுக்கிச் செல்லும் இடம் தொடக்கத்திலேயே இருக்கிறது. இறைச்சி உண்ணாமை கொரியக் குடும்பத்தில் அவளை அந்நியமாக்குகிறது. எங்கள் சைவ வீடுகளிலோ அது ஒருவரைச் சற்று உயர்த்திவிடவும் கூடும். வெள்ளிக்கிழமை விரதம், கந்தசஷ்டி, நேர்த்திக்கடன், வைத்தியரின் கட்டளை என்று மச்சம் விடுவதற்கு எங்களிடம் காரணங்கள் நிறையவே உண்டு. மச்சச் சட்டி வேறு, சைவச் சட்டி வேறு என்று குசினியே அதற்கேற்ப அமைந்திருக்கிறது. ஆகவே எங்கள் வாசகர் யோங்ஹேயைப் பார்த்தவுடனே தலையசைத்து ஏற்றுக்கொண்டு, அவளைச் சுற்றியிருப்பவர்களைக் காட்டுமிராண்டிகள் என்று ஒதுக்கிவிடுகிறார். அப்படி ஒதுக்கியவுடன் நாவல் தூரதேசத்துக் கதையாகிவிடும். வட்டத்தை நடத்துபவர் செய்ய வேண்டிய முதன்மையான வேலை, அந்த ஏற்பு எவ்வளவு நிபந்தனைக்குட்பட்டது என்று வாசகரே கண்டுகொள்ளும்படி செய்வதுதான். யோங்ஹே மச்சம் விட்டது அல்ல, வீடு அங்கீகரிக்கும் காரணம் ஒன்றையும் சொல்லாமல் விட்டதே அவளை வெளியே நிறுத்துகிறது. இதை நீங்கள் வாயால் சொல்லிவிட்டால் பயனில்லை. வாசகர் அதை எட்டுவதற்கான வழியைத்தான் திட்டமிட வேண்டும்.

கூடுவதற்கு முன்

எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். சங்க மண்டபத்திலோ நூலகக் கூடத்திலோ வரிசைக் கதிரைகளில் இருந்து பேசத்தக்க நூல்கள் பல உண்டு, இது அத்தகையதன்று. ஒரு வீட்டின் சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருந்து பேசுங்கள், ஏனெனில் நாவலின் மிக முக்கியமான வன்முறை ஒரு சாப்பாட்டு மேசையில்தான் நடக்கிறது. நாங்கள் போயா எனப்படும் பௌர்ணமி விடுமுறைகளில் கூடினோம். அன்று இறைச்சிக் கடைகள் மூடியிருப்பதும், அதைப் பற்றி நாடே ஒரு நாளும் கேள்வி கேட்காமலிருப்பதும் பிற்பாடு பேச்சுக்கு உதவின.

மூன்று பகுதிகளுக்கு மூன்று மாலைகள் ஒதுக்குங்கள். ஒரே மாலையில் முடிக்க முயன்றால் இரண்டாம் பகுதி மற்ற இரண்டையும் விழுங்கிவிடும். தமிழ்ப் பிரதி வேண்டுமென்றால் காலி வீதியிலுள்ள புத்தகசாலையில் முன்கூட்டியே சொல்லிவைத்து எடுங்கள். குழுவில் சிலர் தமிழிலும் சிலர் ஆங்கிலத்திலும் வாசிப்பது நல்லதே. அதன் பயனைப் பின்னர் சொல்கிறேன்.

அழைப்பில் ஒன்றை மறைக்காமல் எழுதுங்கள். தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளல், கணவனின் பலவந்தம், உணவை மறுத்தல், மனநல மருத்துவமனையில் வலிந்து உணவூட்டல் ஆகிய அனைத்தும் இந்நூலில் உள்ளன. இவற்றில் ஏதோ ஒன்று அழைக்கப்படுபவரின் வீட்டிலும் நடந்திருக்கக்கூடும். வாசித்த பின் வராமலிருக்க எவருக்கும் உரிமை உண்டு, காரணம் சொல்ல வேண்டியதில்லை என்றும் சேர்த்து எழுதுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தை நடத்துபவர் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

வருபவர்கள் ஒவ்வொருவரும் சிறு சீட்டொன்றில் ஒரு கேள்விக்கு மட்டும் விடை எழுதிக் கொண்டுவரட்டும்: இந்தப் பெண் எந்தப் பக்கத்தில் உங்களுக்குப் புரியாமற் போனாள்? பிடித்ததா, பிடிக்கவில்லையா என்று கேட்காதீர்கள். நல்ல நாவலா என்றும் கேட்காதீர்கள். பக்க எண்ணைக் கேட்டால், கருத்துச் சொல்ல வந்தவரும் ஏட்டைப் புரட்ட வேண்டியிருக்கும். சீட்டுகளை வாங்கி மடித்தபடியே வைத்துக்கொள்ளுங்கள். கடைசி மாலையில் அவற்றுக்கு வேலை இருக்கிறது.

முதல் மாலை: மேசை

தேநீருக்குச் சிற்றுண்டி வையுங்கள். மீன் றோல்ஸ் ஒரு தட்டில், மரக்கறி றோல்ஸ் இன்னொரு தட்டில், எது எதுவென்று சொல்லாமல். கொழும்பில் எந்த வைபவத்திலும் கேட்கப்படும் கேள்வி நிச்சயமாக எழும்: “இது மரக்கறியா, மச்சமா?” கேட்டவருக்கு விடை சொல்லிவிட்டு, இந்தக் கேள்வியை அவர் ஏன் தயங்காமல் கேட்க முடிந்தது என்று வினவுங்கள். எங்கள் குழுவில் ஒருவர், “வெள்ளிக்கிழமை எண்டால் கேக்கலாம்தானே, அண்ணை” என்றார். வேறு நாளாக இருந்தால்? “அப்பவும் கேக்கலாம். ஏன் எண்டு சொல்லவேணும்.” அதுவே நாவலின் வாசல். அங்கிருந்து நேரே புத்தகத்தைத் திறவுங்கள்.

முதலில் கணவனின் தொடக்கப் பத்திகளை எவராவது உரத்து வாசிக்கட்டும். தன் மனைவியிடம் சிறப்பென்று எதுவுமில்லை என்பதனாலேயே அவளை மணந்ததாக அவன் சொல்கிறான். நடுத்தர உயரம், நீளமோ குட்டையோ அல்லாத கூந்தல், சாதாரணக் கறுப்புச் சப்பாத்து. வாசித்து முடிந்ததும் நான் ஒரு வேலை கொடுப்பதுண்டு: உங்கள் வீட்டில் மணமகள் தேடியபோது சொல்லப்பட்ட சொற்களை நினைத்து எழுதுங்கள். ‘அடக்கமான பிள்ளை’, ‘அமைதியான சுபாவம்’, ‘வீட்டோட ஒத்துப்போவா’ என்று எழுதிவருவார்கள். கணவனின் பட்டியலையும் இந்தச் சொற்களையும் அடுத்தடுத்து வாசிக்கும்போது மேசையில் ஒரு மௌனம் விழும். அதை உடனே நிரப்பிவிட வேண்டாம். சாதாரணம் என்பது குறையற்ற தன்மை அல்ல, பிறருக்குத் தொந்தரவு தராத தன்மை என்று ஒருவர் தாமாகச் சொல்வார், சொல்லாவிட்டாலும் பரவாயில்லை.

அடுத்து, குடும்ப விருந்துக் காட்சி. அக்காவின் புது வீட்டில் எல்லோரும் கூடியிருக்கிறார்கள். வியட்நாம் யுத்தத்துக்குப் போய் வந்த தந்தை, உண்ண மறுக்கும் மகளின் கன்னத்தில் அறைகிறார்; கைகளைப் பிடிக்கச் செய்து இறைச்சியை அவள் வாய்க்குள் திணிக்கிறார்; அவள் பழம் வெட்டும் கத்தியை எடுத்துத் தன் மணிக்கட்டை வெட்டிக்கொள்கிறாள். இக்காட்சியை உரத்து வாசிக்கச் சொல்லாதீர்கள். மேசையில் இருந்தவர்கள் யார், ஒவ்வொருவரும் அந்நேரத்தில் என்ன செய்தார்கள் என்று மட்டும் ஒரு தாளில் வட்டமாக வரைந்து பெயர் எழுதச் சொல்லுங்கள். தந்தையைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். வரைபடமோ மற்றவர்களைக் கணக்கெடுக்க வைக்கும்: கெஞ்சியவர் யார், பிடித்தவர் யார், பார்த்திருந்தவர் யார்.

எங்கள் வாசகர்களை அதிகம் தைத்தது இதற்கு அடுத்துவரும் சிறு நிகழ்வு. மருத்துவமனையில் கிடக்கும் மகளுக்குத் தாய் கறுப்பு ஆட்டை வடித்த கசாயத்தை மூலிகை மருந்தென்று சொல்லிக் கொடுக்கிறாள். கசாயத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது நடுவயதுப் பெண் ஒருவர், தானும் சுகமில்லாத மகனுக்குச் சூப்பில் முட்டையைக் கலக்கிக் கொடுத்ததாகச் சொன்னார். “அவனுக்குத் தெரியாது. இண்டைக்கும் தெரியாது.” திணிக்கும் தந்தையைக் கொடியவன் என்று தள்ளிவிட எல்லோராலும் முடிந்தது, ஒளித்துக் கொடுக்கும் தாயை அப்படித் தள்ள ஒருவராலும் முடியவில்லை. அன்பு என்று நாம் சொல்வதற்கும் வீட்டின் ஒழுங்குக்குள் திருப்பி இழுப்பதற்கும் இடையிலுள்ள கோடு இக்காட்சியில்தான் மங்குகிறது. முதல் மாலையின் நேரத்தில் பாதியை இதற்கே விட்டுவிடுங்கள் என்பது எனது துணிபு.

கனவைப் பற்றிய கேள்வியையும் இம்மாலையிலேயே போட்டுவிட வேண்டும். எங்கள் வீடுகளில் கனவு காரணமாவதே இல்லையா? ஆகிறது. அம்மன் கனவில் வந்து கேட்டாள் என்றால் பொங்கல் வைக்கிறோம். இறந்த தகப்பன் கனவில் பசியோடு நின்றார் என்றால் படையல் போடுகிறோம். யோங்ஹேயின் கனவில் தெய்வமும் இல்லை, முன்னோரும் இல்லை. மாமிசமும் இரத்தமும், தன் வாயிலேயே அந்த இரத்தம் இருப்பதும்தான் இருக்கின்றன. எந்தக் கனவுக்கு வீடு தலைவணங்கும், எந்தக் கனவை மறந்துவிட்டுப் படு என்று சொல்லும்? இக்கேள்விக்குக் கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் கத்தோலிக்க வாசகரும், இஸ்லாமிய வாசகரும், யாழ்ப்பாணத்துச் சைவ வீட்டில் வளர்ந்தவரும் தரும் விடைகள் வேறுபடும். அந்த வேறுபாட்டைச் சமரசப்படுத்தாமல் கேட்டுக்கொண்டிருங்கள்.

கனவுத் தன்மை கொண்ட நூலென்றால் உடனே எல்லாவற்றையும் குறியீடாகப் பிரித்துப் பொருள் சொல்லும் ஒருவர் எந்த வட்டத்திலும் இருப்பார். இறைச்சி என்றால் ஆணாதிக்கம், மரம் என்றால் விடுதலை என்று அவர் முடித்துவிடுவார். அவரை மறுக்க வேண்டியதில்லை. சிறுவயதில் யோங்ஹேயைக் கடித்த நாயைத் தந்தை மோட்டார் சைக்கிளில் கட்டிச் சாகும்வரை ஓடவிட்டதும், அதன் இறைச்சியை அவளும் உண்டதும் வரும் பக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கள். அங்கே நாய் நாய்தான். அவள் உண்டாள், அது அவளுக்கு நினைவிருக்கிறது. உடலில் நடந்ததைப் பொருளாக மாற்றிச் சொல்வதற்கு முன், நடந்ததை அப்படியே சொல்லப் பழகுவது இந்நாவலுக்கு மிகவும் அவசியம்.

இரண்டாம் மாலை: மச்சம்

இரண்டாம் பகுதியைப் பேசுவதற்கு எல்லோரும் அஞ்சுவார்கள். யோங்ஹேயின் உடலில் குழந்தைப் பருவத்து மங்கோலிய மச்சம் (பிறப்பிலேயே தோலில் இருக்கும் நீலநிற அடையாளம்) இன்னும் மறையாமல் இருக்கிறதென்று கேள்விப்பட்ட அக்காவின் கணவன், அந்நினைவால் ஆட்கொள்ளப்பட்டு, அவள் உடலில் பூக்களை வரைந்து படம்பிடிக்கிறான்; அது உடலுறவில் முடிகிறது. ஆண்களும் பெண்களும் கலந்த குழுவில், வயதில் மூத்தவர்கள் முன்னிலையில், இதை எப்படிப் பேசுவது என்று நான் முதலில் தடுமாறினேன். சொல்லிலிருந்து தொடங்கியபோது வழி திறந்தது.

ஈழத்தமிழில் மச்சம் என்றால் தோலிலுள்ள அடையாளமும் ஆகும், மீனும் இறைச்சியும் ஆகும். முதற் பகுதியில் மச்சத்தை விலக்கிய பெண்ணை இரண்டாம் பகுதியில் மச்சத்தின் பொருட்டே ஒருவன் விரும்புகிறான் என்று நாம் சொல்லும்போது, எங்கள் மொழி மட்டும் தரக்கூடிய ஒரு வெளிச்சம் கிடைக்கிறது. கொரியத்தில் இந்த இரட்டைப் பொருள் இல்லை. இது ஆசிரியர் வைத்ததல்ல, நாங்கள் எடுத்துக்கொள்வது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஆனாலும் கேள்வி உண்மையானது: அவளை உண்ண வைக்க முயன்றவர்களுக்கும், அவளைப் பார்த்து வியந்து பூ வரைந்தவனுக்கும் என்ன வேறுபாடு? ஒரு தடவை எங்கள் குழுவில் இளைஞர் ஒருவர் கலைஞனுக்காக வாதாடினார். அவன் ஒருவன்தான் அவளை இகழாமல் பார்த்தான் என்றார். எதிரே இருந்த பெண், “பார்த்தவர்தான் தம்பி. கேட்டவரா?” என்றார். அவள் சம்மதித்தாள் என்று சிலர் சொல்வார்கள். மருத்துவமனையிலிருந்து வந்து தனியே வாழும் பெண்ணின் சம்மதம் என்ன பொருள் பெறும் என்பதை, தீர்ப்பு எதுவும் எட்டாமலே, அரைமணி நேரம் பேசலாம்.

உறவுச் சொற்களும் கவனத்துக்குரியவை. ஆங்கிலத்தில் வாசித்தவர்களுக்கு அவன் பொதுவான ஒரு மைத்துனன்தான். அச்சொல் கணவனின் தம்பிக்கும் பொருந்தும், தங்கையின் கணவனுக்கும் பொருந்தும். கொரியத்தில், தமிழில் போலவே, அக்காவின் கணவனுக்குத் தனிச்சொல் உண்டு. எங்கள் வாசகர்கள் அவனை ‘அத்தான்’ என்று அழைத்துப் பார்க்கட்டும். அத்தானுக்கும் மச்சாளுக்கும் இடையே கேலியை அனுமதிக்கும் வழக்கமும், அக்கா இறந்தால் தங்கையைக் கட்டிவைக்கும் பழைய வழக்கமும் நம்மிடையே இருந்திருக்கின்றன. அதனால் கொரிய வாசகருக்கு ஏற்படும் அதிர்ச்சி நமக்கு அதே அளவில் ஏற்படாமற் போகலாம். அதற்குப் பதிலாக, கேலி என்ற பெயரில் எவ்வளவு சகித்தோம் என்று பெண்கள் சொல்லத் தொடங்குவார்கள். எங்கள் மேசையில் அப்படித்தான் நடந்தது. அப்போது ஆண்கள் குறுக்கிடாமல் பார்த்துக்கொள்வது நடத்துபவரின் பொறுப்பு.

மொழிபெயர்ப்பைப் பற்றியும் இங்கேயே பேசலாம். ஸ்மித்தின் ஆங்கிலம் பரிசு பெற்ற பிறகு கடும் விமர்சனத்துக்கும் உள்ளானது. கையைக் குறிக்கும் கொரியச் சொல் காலைக் குறிப்பதாகத் தவறாகப் பெயர்க்கப்பட்டதும், எழுவாய் மறைந்த வாக்கியங்களில் பேசுபவர் மாறிப்போனதும், எளிய நடை அலங்காரம் பெற்றதும் எடுத்துக்காட்டப்பட்டன. தமிழைப் போலவே கொரியத்திலும் எழுவாயைச் சொல்லாமலே பேச முடியும் என்பதால், தமிழ் வாசகர் இந்தச் சிக்கலை உடனே விளங்கிக்கொள்வார். ஒரே பத்தியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அடுத்தடுத்து வாசியுங்கள், ஒன்று போதும். பிழை பிடிப்பதிலேயே மாலை கழிந்துவிடக் கூடாது.

மூன்றாம் மாலை: அக்கா

இன்ஹே அழகுசாதனக் கடை நடத்துகிறாள், மகனை வளர்க்கிறாள், மலையடிவார மருத்துவமனையில் இருக்கும் தங்கையைப் பார்க்கப் போகிறாள். யோங்ஹே தலைகீழாக நிற்கிறாள். தான் மரமாகிறேன் என்கிறாள். உணவே வேண்டாம், வெயிலும் நீரும் போதும் என்கிறாள். இங்கே ‘பைத்தியம்’ என்ற சொல் வரும். கொழும்பில் அது பெரும்பாலும் ‘அங்கொடை’ என்ற ஊர்ப் பெயராக வரும். அங்கே உள்ள மருத்துவமனையால் ஓர் ஊரின் பெயரே வசைச் சொல்லாகிவிட்டது. அச்சொல்லைத் தடைசெய்யாதீர்கள், திருத்தவும் வேண்டாம். எந்தப் பக்கத்திலிருந்து அவள் பைத்தியம் என்று மட்டும் கேளுங்கள். இறைச்சியை எறிந்த இரவிலா, கத்தியை எடுத்த நேரத்திலா, மருத்துவமனை நீரூற்றருகே மேலாடையின்றி இருந்தபோதா, தலைகீழாக நின்றபோதா? எட்டுப் பேர் எட்டுப் பக்கங்களைச் சொல்வார்கள். அதே வேளை, அவள் நோயுற்றவளே அல்ல, உலகம்தான் நோயுற்றது என்று உற்சாகமாகச் சொல்பவரையும் நிறுத்துங்கள். அவள் உடல் மெலிந்து இறந்துகொண்டிருக்கிறது; அக்கா அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்தத் துயரை அழகாக்கிப் பேசுவது இன்ஹேக்குச் செய்யும் அநீதி.

எங்கள் பெண் வாசகர்களில் பெரும்பாலானோர் இப்பகுதியில் தங்களை யோங்ஹேயில் காணவில்லை, இன்ஹேயிலேயே கண்டார்கள். மூத்த பெண், பொறுப்பானவள், எல்லாவற்றையும் தாங்கியவள். சிறுவயதில் இருவரும் மலையில் வழி தவறியபோது, வீட்டுக்குத் திரும்பாமலே இருந்துவிடுவோம் என்று தங்கை சொன்னதன் பொருள், இத்தனை ஆண்டுகள் கழித்துத்தான் அக்காவுக்குப் புரிகிறது. தான் வாழவே இல்லை, தாங்கிக்கொண்டு மட்டும் இருந்திருக்கிறேன் என்றும் அவளுக்குத் தெரியவருகிறது. சாதாரணமாக இருப்பதில் வென்றவளும் உள்ளே வெளியாள்தான் என்பதை நாவல் சொல்லுமிடம் இது. வேறெதையும் பேச நேரமில்லாவிட்டாலும் இதைப் பேசுங்கள்.

கொழும்பில் இந்நாவலைப் பேசும்போது இன்னொன்றும் எழும். அதற்கு ஆயத்தமாக இருங்கள். 1983 ஜூலையில் பொட்டை அழித்துவிட்டு வீதியில் இறங்கிய தாயைப் பற்றி ஒருவர் சொன்னார். பஸ்ஸில் தமிழில் பேசாதே என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்த ஆண்டுகளை இன்னொருவர் சொன்னார். நாவல் கொரியாவில் நூலாக வந்த அதே 2007ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் திகதி, கொழும்பின் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேர், தலைநகரில் இருப்பதற்குத் தக்க காரணம் இல்லை என்று கூறப்பட்டு, பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ‘காரணம் என்ன?’ என்ற கேள்வியின் எடை இவ்வூரில் வாழ்ந்த வாசகருக்கு வேறு. சாதாரணமானவராகத் தோற்றமளிப்பது உயிர் காக்கும் வேலையாக இருந்த காலத்தை அறிந்தவர்கள், யோங்ஹேயின் கணவனைவிட அவளுடைய அக்காவை விரைவாகப் புரிந்துகொள்கிறார்கள். இந்நினைவுகளுக்கு இடம் கொடுங்கள், கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். ஆனால் நாவலை எங்கள் கதைக்கு உருவகமாக்கிவிட வேண்டாம். அப்படிச் செய்தால் வீட்டுக்குள், எங்கள் கைகளாலேயே நடப்பதைப் பற்றிய நாவலாக இது இருப்பதை மறந்துவிடுவோம். சொன்னவர் சொல்லி முடித்ததும் சிறிது நேரம் விட்டு, விருந்து மேசையின் வரைபடத்தை மறுபடியும் நடுவில் வையுங்கள், அதுவே போதும்.

தலைப்பைக் கடைசியில் பேசுங்கள். கொரியத் தலைப்பு ஓர் ஆளைக் குறிக்கிறது, மரக்கறி உண்ணுதலைக் கொள்கையாகக் கொண்டவரை. எங்களுக்கு மரக்கறி என்பது சந்தைச் சொல், பார்சல் கட்டும் கடைக்காரர் “மரக்கறியா, மீனா, கோழியா?” என்று கேட்கும் சொல். அதைப் பிரித்துப் பார்த்தால் மரமும் கறியும் இருக்கின்றன. தமிழகத்தில் கறி என்றால் இறைச்சி. கறியை விட்டு மரத்தை நோக்கிப் போன ஒரு பெண்ணின் கதைக்கு இச்சொல் எவ்வளவு பொருந்துகிறது என்று ஒருவர் கண்டு சொன்னபோது, ஒரே சொல்லின் இரு முனைகளிலும் அவள் நிற்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது.

முடிப்பதற்குப் பதினைந்து நிமிடங்கள் இருக்கும்போது, முதல் மாலையில் வாங்கி வைத்த சீட்டுகளைத் திருப்பிக் கொடுங்கள். எழுதியதை அடிக்க வேண்டாம், கீழே இன்னும் ஒரு வரி எழுதுங்கள் என்று சொல்லுங்கள். வாசித்துக் காட்டும்படி கேட்காதீர்கள். படம் பிடித்து எங்கும் அனுப்பவும் வேண்டாம். விரும்பியவர் வாசிக்கலாம், மற்றவர்கள் மடித்து எடுத்துச் செல்லலாம். கொலஸ்ட்ரோலில் முடிந்த அந்த முதற் கூட்டத்துக்கு வந்த ஆசிரியை, மற்றொரு குழுவோடும் வந்து மூன்று மாலைகளும் இருந்தார். அவரது சீட்டில் பக்க எண் இருக்கவில்லை. ‘எனக்கு எல்லாம் புரிந்தது’ என்று மட்டும் எழுதியிருந்தார். கடைசியில் அதன் கீழே எழுதியதை அவராகவே வாசித்தார்: “அம்மா ஏன் மச்சம் விட்டவ எண்டு நான் ஒருநாளும் கேக்கேல்லை.”